கழித்தல் இரண்டு

தலவாக்கலை. ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடி.
பெயின்ட் வாடையோடு படியேறி வருகிறது மழை.
என் திரையில் நாலாயிரத்து நூற்றுப் பதினாறு பாதைகள்,
ஒவ்வொன்றும் ஒரு வரி:
தோட்டம், பிரிவு, லயம், காம்பிரா, கடைசியில் கோப்பு.
வீட்டுத் திட்டத்துக்கு ஸ்கேன் பண்ணியவை.
திங்கட்கிழமைக்குள் வேண்டியது கோப்பு அல்ல,
கோப்பு கிடக்கும் கோப்புறையின் பெயர் மட்டும்.

"சின்ன வேலை" என்றார் சத்தியவேள்.
"கோடு பார்த்து வெட்டு. கடைசியை விடு.
அதுக்கு முந்தினதை எடு."
டீ குடிக்கப் போனவர் இன்னும் வரவில்லை.

நுவரெலியாவிலிருந்து வந்த மடிக்கணினியில்
கோடு இடப்பக்கம் சாய்கிறது.
எங்கள் பழைய பெட்டியில் வலப்பக்கம்.
ஒரே மலைக்கு இரண்டு சரிவு.
எல்லாவற்றையும் ஒரு பக்கம் சாய்த்துவிட்டுத்தான்
கத்தியை எடுத்தேன்.

முன்னாலிருந்து எண்ணினால் சரிவராது.
சிலதில் தோட்டத்துக்கு முன்னால் கம்பெனி,
கம்பெனிக்கு முன்னால் யாரோ ஒரு கிளாக்கரின் 'புதிய கோப்புறை',
அதற்குள்ளேயே 'புதிய கோப்புறை 2'.
ஆகவே பின்னாலிருந்து.
அப்படி எண்ணும்போது கணக்கு கழித்தலில் போகும்.
கழித்தல் ஒன்று, ஆள்.
கழித்தல் இரண்டு, ஆள் படுக்கும் இடம்.

ஓட விட்டேன்.

3
3
7
1
3

யாருடைய மூன்று?

பன்னிரண்டாம் லயத்து மூன்றாம் காம்பிராவை
12/3 என்று அப்படியே அடித்திருக்கிறது பதிந்த பிள்ளை.
தபால்காரருக்கு அது ஒரு விலாசம்.
இயந்திரத்துக்கு ஒரு கதவு:
பன்னிரண்டைக் கட்டி
அதற்குள்ளே மூன்றைக் கட்டிவிட்டது.
பள்ளிக்கூடத்துக் கடிதங்கள் இன்னும் மோசம்.
நு/ என்று தொடங்கும் பள்ளிகள் அத்தனையும்
'நு' என்றொரு வீட்டில்
நெருக்கியடித்துக் குடியேறியிருந்தன.

சிரித்தேன், தனியாக.
'நு' வந்தால் இன்னொரு படி பின்னால் போ என்று
தனியே ஒரு வரி எழுதினேன்.
பிறகு கழித்தல் மூன்றையும் கழித்தல் இரண்டையும் சேர்த்தெடுத்து
நடுவில், நானே வெட்டியெறிந்த கோட்டை
மறுபடி ஒட்டினேன்.
12/3. 12/7. 5/1.
கணக்கப்பிள்ளை குவாட்டஸுக்கு எண் இல்லை,
பிரிவின் பெயர் வந்து முன்னால் ஒட்டிக்கொண்டது.
அவருக்கு அது பிடிக்கும். விட்டுவிட்டேன்.

கரண்ட் போனது. யூ.பி.எஸ். கத்தியது.
கரண்ட் வந்தது.

மூவாயிரத்துச் சொச்சத்தில் ஒரு பாதை:
மேல்பிரிவு, 9, 6,
பிறகு ஒரு கோடு,
கோட்டுக்குப் பின் ஒன்றுமில்லை.
வெட்டினால் கடைசித் துண்டு
இரண்டு மேற்கோள்குறி,
நடுவில் ஓர் எழுத்தும் இல்லை.

பிழை என்று அழிக்கத்தான் கை போனது.
எதற்கும் லூர்துராஜுக்கு ஒரு கோல் எடுத்தேன்.
அவர் பஸ்ஸில், ஹோன் சத்தத்துக்கு நடுவே:
"ஒம்பதுல ஆறா? இருக்காங்க மிஸ்.
புஸ்பகாந்தி, ரெண்டு புள்ளைங்க.
பேப்பருதான் ஒண்ணும் இல்ல.
விட்டுப் போயிரக் கூடாதுன்னு
ஃபோல்டர மட்டும் தொறந்து வச்சேன்."

கழித்தல் ஒன்று, வெற்று.
கழித்தல் இரண்டு, 6.
கழித்தல் மூன்று, 9.
ஸ்கிரிப்டில் நான் எதையும் மாற்றவேண்டியிருக்கவில்லை.

சத்தியவேள் வந்தார். ஈரக் குடையைக் கதவில் சாய்த்தார்.
கோடு மாதிரி நின்றது.
பட்டியலை மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்து
ஓரிடத்தில் விரலை நிறுத்தினார்.

"இதுல கோப்பே இல்லையே?"

"நீங்க கேட்டது கோப்புறைதானே" என்றேன்.